ஆமென் சொல்லாமல் சுட்டேன்

எனக்குப் பயம் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்ட அந்த இரண்டு மாதமும் பார்த்தவர்கள் எல்லாம் "பயப்படாதீங்க" என்றார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்தது. பயப்படுகிறவளிடம் போய்ச் சொல்ல வேண்டிய வார்த்தை அது. எனக்கு இருந்தது உதறல். விசையை இழுக்கும் நொடியில் என் கை என்னைக் கேட்காமல் துப்பாக்கியைக் கீழே வெட்டித் தள்ளியது. மனசு கல் மாதிரி நின்றது. கை மட்டும் தன் இஷ்டத்துக்குப் போனது.

மற்றவர்கள் கை உதறுவதைப் பார்ப்பதுதான் என் வேலை. அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்து இர்விங் ஊரில் ஒரு மருத்துவமனை லேபில் பதினேழு வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். கழுத்து வரை பச்சை குத்திய ஆறடி ஆள்கள் என் ஊசியைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போய் உட்காருவார்கள். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணிக் குத்துவார்கள். எனக்கு எரிச்சல் வரும். எண்ணிக் குத்துகிறவளுக்கு வேலை தெரியாது. "த்ரீ" வருவதற்குள் தோள் இறுகிவிடும், நரம்பு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், கையை வெடுக்கென்று இழுப்பார்கள். நான் எண்ண மாட்டேன். வீட்டில் நாய் இருக்கிறதா, என்ன சாப்பிடும் என்று கேட்பேன். பதில் பாதியில் இருக்கும்போது ஊசி உள்ளே போயிருக்கும். இதில் எனக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தோடுதான் துப்பாக்கி விஷயத்திலும் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஒன்பது வருஷமாக ஓர் அமெரிக்க சபையின் ஹாலில்தான் ஆராதனை. அவர்கள் காலையில் முடித்துவிட்டுப் போவார்கள். மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை எங்களுக்கு. அவர்கள் பியானோ, அவர்கள் நாற்காலி, எண்ணெய்ப் பலகாரம் பொரிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டிய அவர்கள் சமையலறை. போன வருஷம் அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. காலை ஆராதனைக்கு வாசலில் அவர்களுடைய பாதுகாப்புக் குழு நிற்கிறது. மதியம் யாரும் இல்லை. இனிமேல் ஹாலைப் பயன்படுத்தும் ஒவ்வொரு சபையும் தன் ஆள்களில் இரண்டு பேரை, துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வாங்கி, சுடும் தேர்விலும் தேறியவர்களை, கதவருகே நிறுத்த வேண்டும். நான்கு மாதத்துக்குள் இரண்டு பெயர் கொடுக்காவிட்டால் ஹால் கிடையாது. மரியாதையான கடிதம்தான். ஆனால் விஷயம் அதுதான்.

கமிட்டி கூடியது. பதினோரு ஆண்கள், சமையலறைப் பொறுப்பு என்கிற பெயரில் நான். எங்கள் சபையில் ஒரு டாக்டர் இருக்கிறார். வெகு நாளாக லைசென்ஸ் வைத்திருப்பவர். ஒரு பெயர் ஆயிற்று. இன்னொன்றுதான் வேண்டும். ஒருவர் கிரீன் கார்டு இன்னும் வரவில்லை என்றார். ஒருவர் மனைவி விட மாட்டாள் என்றார். ஒருவர் கர்த்தர் காப்பார், நமக்கு ஆயுதம் எதற்கு என்றார். அப்படியென்றால் கீழே நிறுத்திய காரை ஏன் பூட்டிவிட்டு வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. கடைசியில் சபைச் செயலாளர், நாற்பது வயதுகூட ஆகாதவர், தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வீடியோ நிறையப் பார்த்திருக்கிறாராம்.

ஆறு வாரம் போயிற்று. அவர் பார்த்துக்கொள்ளவில்லை. அடுத்த கமிட்டியில் ஆபீஸில் வேலை அதிகம் என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குத் தாங்கவில்லை. ஹால் போனால் யார் வீட்டு பேஸ்மென்டில் ஆராதனை நடத்துவது? டெக்ஸாஸில் யார் வீட்டில் பேஸ்மென்ட் இருக்கிறது? நான் போகிறேன் என்று சொன்னேன்.

செயலாளர் சிரித்தார். "அக்கா, இது ஊசி குத்துற மாதிரி ஈஸி இல்ல."

"ஊசி குத்துறது ஈஸின்னு யாரு சொன்னா? கையை நீட்டுங்க தம்பி, ஒண்ணு குத்திக் காட்டுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே தீர்மானம் எழுதப்பட்டுவிட்டது. அதில் என் பெயர் ஏறியது. அடுத்த வாரம் செயலாளர், ஒரு பாதுகாப்புக்குத் தானும் வகுப்பில் சேருவதாகச் செய்தி அனுப்பினார். நான் தோற்றால் தூக்கி நிறுத்த ஆள் வேண்டுமாம்.

ஆராதனை நடக்கும் இடத்தில் துப்பாக்கி இருப்பது எனக்குப் பிடித்த விஷயம் இல்லை. இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காத வேலையை யாராவது செய்துதான் ஆக வேண்டும் என்றால், அதை அரைகுறையாகச் செய்கிறவன் கையில் விட எனக்குச் சம்மதம் இல்லை.

சுடும் கூடம் ஒரு கடைவரிசையில் டயர் கடைக்கும் மெத்தைக் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே குளிரூட்டிய சிமென்ட் அறை, வரிசையாகத் தடுப்புகள், கம்பியில் தொங்கும் காகித மனிதன். கற்றுக்கொடுத்தவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவராம். எல்லோரையும் "ஹனி" என்று கூப்பிடுவார். குரலில் மட்டும் தேன் கிடையாது. முதல் நாள் என் தலையைப் பார்த்துவிட்டு, காதுக் கவசம் ஏன் வழுக்கிக்கொண்டே இருக்கிறது என்று கேட்டார். தேங்காய் எண்ணெய். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைப்பது என் வழக்கம். அடுத்த வாரத்திலிருந்து எண்ணெய் நாளை மாற்றினேன்.

முதல் குண்டு காகித மனிதனின் நெஞ்சுக்கு நடுவில் போய்த் துளைத்தது. நான் திரும்பிப் பார்த்தேன், செயலாளர் பார்க்கிறாரா என்று. பார்த்தார். அதற்குப் பிறகு ஒன்றுகூட நடுவில் விழவில்லை. இரண்டாவது வயிற்றில். மூன்றாவது இடது இடுப்பில். நான்காவது இன்னும் கீழே. பத்தும் முடிந்தபோது காகித மனிதனின் இடது தொடை சல்லடையாக இருந்தது.

பெண்மணி அதைக் கழற்றி மேஜையில் விரித்தார். இதற்கு ஃபிளின்ச் என்று பெயர் என்றார். முதல் குண்டின்போது என்ன வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரியாது, அதனால் சும்மா இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. சத்தமும் உதையும் வரப்போகிற நொடியில் அது முந்திக்கொண்டு துப்பாக்கியைக் கீழே அமுக்குகிறது. எல்லோருக்கும் வரும். தேர்வில் தேற நூற்றுக்கு எழுபது போதும், காகிதத்தில் எங்கே பட்டாலும் ஏதாவது மார்க் உண்டு, கவலைப்பட வேண்டாம் என்றார்.

நான் அந்தத் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஹாலில் முன்வரிசைக்கு முன்னால் ஒரு கம்பளம் விரித்திருக்கும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அதில் சப்பணமிட்டு உட்காருவார்கள். பின் கதவில் நிற்கிறவள் எவனோ ஒருவனுடைய நெஞ்சுக்குக் குறிவைத்து, கை உதறி, குண்டு கீழே இடது பக்கம் போனால் அது எங்கே போகும் என்று எனக்கு அளந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. எழுபது மார்க் வாங்கிக்கொண்டு அந்தக் கதவில் நிற்பதைவிட ஹால் போகட்டும் என்று தோன்றியது. ஹாலும் போகக் கூடாது, அந்த உதறலும் இருக்கக் கூடாது. வேறு கணக்கு எனக்கு இல்லை.

உதறலைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. நிஜக் குண்டுகளுக்கு நடுவே ஆரஞ்சு நிற டம்மிக் குண்டுகளைக் கலந்து அடைக்க வேண்டும். எது எப்போது வரும் என்று சுடுகிறவருக்குத் தெரியக் கூடாது. டம்மி வந்தால் வெடிக்காது, "கிளிக்" என்று மட்டும் சத்தம் வரும். அப்போது துப்பாக்கி அசையாமல் நின்றால் நல்லது. குனிந்தால் குனியவைத்தது வெடி இல்லை, நீதான் என்று தெரிந்துவிடும். இதைத் தனியாகச் செய்ய முடியாது. அடைத்துக்கொடுக்க இன்னோர் ஆள் வேண்டும். என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் பக்கத்தில் லாஸ் கோலினாஸ் என்கிற இடத்தில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். மற்றவன் செய்ததில் தப்பு கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். வீட்டில் அந்த வேலையைச் செய்ய நான் விட்டதில்லை. துப்பாக்கியைத் தொட மாட்டேன், குண்டு மட்டும் அடைத்துத் தருகிறேன் என்றார். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பருப்பில் கல் பொறுக்குகிறவர் போல நிதானமாக அடைத்தார்.

முதல் டம்மியிலேயே மானம் போயிற்று. "கிளிக்." துப்பாக்கியின் மூக்கு கோழி தீவனம் கொத்துவது போலக் கீழே குத்தியது. வெடியே இல்லாத இடத்தில் என் தோள் குலுங்கியது, கண் மூடித் திறந்தது. அடுத்த தடுப்பிலிருந்து செயலாளர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குண்டுகளும் கீழேதான் போயின. ஆனால் அவர் துப்பாக்கியின் குறிமுனை சரியில்லை என்று சொல்லி மூன்று துப்பாக்கி மாற்றிவிட்டார். டம்மிக் குண்டெல்லாம் ஆரம்பக் கட்ட ஆள்களுக்கு என்றார்.

"அக்கா, உங்க ஆளுக்குக் காலு மட்டும்தான் வலிக்கும் போல."

"உங்க ஆள் நடந்தே வீட்டுக்குப் போயிருவான் தம்பி. போய்ப் பாருங்க."

மூன்று சனிக்கிழமை இப்படிப் போயிற்று. சபையில் விஷயம் பரவிவிட்டது. ஒரு ஆண்ட்டி எனக்காக உபவாசம் இருந்தார். ஒருவர் மூச்சுப் பயிற்சி வீடியோ அனுப்பினார். எல்லோரும் பயப்படாதீங்க, பயப்படாதீங்க என்றார்கள். நான் மூச்சை அடக்கிப் பார்த்தேன், விட்டுப் பார்த்தேன், காதுக்குள் பஞ்சு வைத்து அதன்மேல் கவசம் போட்டுப் பார்த்தேன். கோழி கொத்துவதை நிறுத்தவில்லை. கடிதத்தின் கெடு முடிய ஆறு வாரம்தான் இருந்தது. தேர்வு முடிந்து, கைரேகை கொடுத்து, லைசென்ஸ் அட்டை தபாலில் வரவும் நாள் பிடிக்கும்.

நான்காவது சனிக்கிழமை பாதியில் வீட்டுக்காரர் என் முதுகில் தட்டினார். வெளியே வா என்று கை காட்டினார். டயர் கடை வாசலில் நின்றோம்.

"சுடும்போது என்ன பேசுற?"

"ஒண்ணும் பேசல."

"வாய் அசையுது."

"ஜெபம் பண்றேன். பண்ணக் கூடாதா?"

"பண்ணு. என்னன்னு பண்ற?"

சொன்னேன். ஆண்டவரே, என் கையைப் பிடித்துக்கொள்ளும், ஆமென். அவ்வளவுதான். ஒவ்வொரு குண்டுக்கும் ஒன்று. இதில் சொல்ல என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் கார் சாவியைத் திருப்பும் முன் ஜெபம், பரீட்சைக்கு முன் ஜெபம், பிரஷர் குக்கர் மூடும் முன்கூட என் அம்மா உதட்டை அசைப்பாள். நான் மணி அடிக்கிற, அச்சடித்த ஜெபப் புத்தகம் வைத்திருக்கிற சபையில் வளர்ந்தவள். ஒவ்வொரு ஜெபத்துக்கும் முடிவு உண்டு, முடிவில் ஆமென் உண்டு. ஆமென் வந்தால்தான் அடுத்த காரியம் தொடங்கும். ஆமென் சொன்னதும் விரல் இழுக்கும்.

"அதான்," என்றார். "உன் ஆமென்லதான் துப்பாக்கி குனியுது. இன்னிக்குப் பூரா உன் வாயைத்தான் பாத்தேன். டம்மின்னாலும் சரி, நிஜம்னாலும் சரி, ஆமென்ல குனியுது."

"அப்ப ஜெபம் பண்றது தப்புங்கிறீங்க."

"ஜெபத்துல ஒண்ணும் இல்ல. அது முடியுற எடம்தான் ப்ராப்ளம். நீயே உன் கைக்கு டைம் சொல்லிக் குடுக்குற."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வேறு எவனாவது சொல்லியிருந்தால் பரவாயில்லை. இவர் கைதட்டிப் பாடுகிற சபையில் வளர்ந்தவர். அவர்கள் ஜெபத்துக்கு முடிவே கிடையாது, சனிக்கிழமை தொடங்கினால் ஞாயிறு வரை போகும் என்று கல்யாணமான நாளிலிருந்து நான் கேலி செய்து வருகிறேன். அவர் எனக்கு ஜெபத்தில் பிழை திருத்துவதா? வீடு வந்ததும் நேரே சமையலறைக்குப் போனேன்.

திங்கட்கிழமை லேபில் ஒரு லாரி ஓட்டுநர் வந்து உட்கார்ந்தார். ஒரு கை என் இரண்டு கால் பருமன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, குத்தும்போது சொல்லிவிட்டுக் குத்து என்று கெஞ்சினார். சொல்ல மாட்டேன் என்றேன். ஏன் என்றார். சொன்னால் நீ கையை இழுத்துவிடுவாய் என்றேன். ஊசி உள்ளே போயிருந்தது. குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது நான் சொன்னது எனக்கே கேட்டது. பதினேழு வருஷமாக ஆயிரக்கணக்கான கைகளுக்கு நேரம் சொல்லாமல் மறைக்கிறவள், என் சொந்தக் கைக்கு மட்டும் ஆமென் என்று மணி அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிளாஸ்திரியை ஒட்டும்போது சிரித்துவிட்டேன். அந்த ஆள் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை, வேலை இருந்தது.

அந்த வாரம் ஜெபமே இல்லாமல் சுட்டுப் பார்த்தேன். இன்னும் மோசம். வாய் சும்மா இருந்தால் தலைக்குள் ஒருத்தி "இப்போ" என்றாள். ஆமென் போய் அந்த இடத்தில் இப்போ வந்து உட்கார்ந்துகொண்டது. திரும்பி வரும்போது சிக்னலில் வண்டி நின்றது. வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்கம்மா சொல்ற மாதிரி சொல்லிப் பாரேன்."

"எது?"

"ஸ்தோத்திரம்."

அவர் அம்மா தினமும் ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லுவார். வேறு வார்த்தை எதுவும் இல்லாமல், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று, பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் நதி மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் ஆமென் கிடையாது. எங்கே தொடங்கியது, எங்கே முடியும் என்று கேட்கிறவர்களுக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு, என்ன உங்கள் அம்மா மெஷின் மாதிரி என்று இவரிடமே சொல்லியிருக்கிறேன். இவர் மறந்திருக்க மாட்டார். ஆனால் அன்றைக்கு அதை எடுக்கவில்லை. சிக்னல் பச்சையானது, ஓட்டினார்.

சுடும் கூடத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே பழகினேன். எங்களிடம் அப்போது துப்பாக்கி கிடையாது. சமையல் மேடை துடைக்கும் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியைக் குறிவைத்து, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே விசையை மெல்ல மெல்ல அமுக்குவேன். எந்த ஸ்தோத்திரத்தில் தண்ணீர் பீய்ச்சும் என்று நானே அறியக் கூடாது. அதுதான் பயிற்சி. முதலில் அவசரப்பட்டேன். நான்கைந்து நாளில் விரல் பொறுமை கற்றுக்கொண்டது. முன்னறையில் இருந்து வீட்டுக்காரர் ஒருமுறை "அல்லேலூயா" என்றார். வாயை மூடுங்கள் என்றேன். குளிர்சாதனப் பெட்டி அந்த மாதம் மாதிரி பளபளப்பாக எப்போதும் இருந்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை. வீட்டுக்காரர் அடைத்துக் கொடுத்தார். நான் நின்றேன். குறிமுனையைக் காகித மனிதனின் நெஞ்சில் வைத்தேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஸ்தோத்திரம், ஸ்தோ— வெடித்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வார்த்தையை அறுத்துக்கொண்டு வெடித்தது. துளை நடுவில். அடுத்ததும் நடுவில். மூன்றாவது தடவை "கிளிக்" என்றது.

துப்பாக்கி அசையவில்லை. குறிமுனை காகித மனிதனின் நெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தது, ஆணி அடித்த மாதிரி. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு நாளும் நான் மூடிக்கொண்டிருந்த கண் அப்போது திறந்திருந்தது. திரும்பினால் வீட்டுக்காரர் கட்டைவிரலைத் தூக்கினார். போதாது, இன்னும் அடையுங்கள் என்றேன். அடுத்த தடவை மூன்று டம்மியை ஒன்றின் பின் ஒன்றாக வைத்திருந்தார், டெஸ்டர் புத்தி. மூன்றிலும் கோழி கொத்தவில்லை.

பேருந்துப் பெண்மணி வந்து காகிதத்தைப் பார்த்தார். என்ன செய்தாய் என்று கேட்டார். மாமியார் ஜெபம் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். வார்த்தையை ஒருமுறை சொல்லிப் பார்த்தார், நாக்கு ஸ்தோ-வில் மாட்டிக்கொண்டது. எதுவாக இருந்தாலும் விடாதே, ஹனி என்றார்.

தேர்வு அதற்கு அடுத்த வாரம். ஐம்பது குண்டு, மூன்று தூரத்தில் இருந்து. கிட்டே, கொஞ்சம் தள்ளி, நன்றாகத் தள்ளி. ஒவ்வொன்றுக்கும் நேரக்கணக்கு உண்டு. விசில் ஊதினால் சுட வேண்டும். விசிலுக்கும் குண்டுக்கும் நடுவில் எனக்கு ஒன்றரை ஸ்தோத்திரம், சில சமயம் மூன்று. பொய் சொல்லப் போவதில்லை, கடைசித் தூரத்தில் இரண்டு குண்டு கொஞ்சம் கீழே, வயிற்றுக்குப் போயிற்று. நேரம் முடியப்போகிறது என்று அவசரப்பட்டேன். மற்றவை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. வகுப்பில் ஒன்பது பேர் எழுதினோம். அதிக மார்க் வாங்கியவள் நான்தான். என் காகித ஆளின் தொடையில் ஒரு கீறல்கூட இல்லை.

செயலாளர் தேறவில்லை. பக்கத்துத் தடுப்பில்தான் இருந்தார், எனக்குத் தெரிந்தது. கமிட்டியில் அவர் தேதியைத் தள்ளிப்போட்டிருப்பதாகச் சொன்னார். நான் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்குக் கோபம் உண்டு, ஆனால் கீழே விழுந்தவனை மிதிக்கும் பழக்கம் இல்லை. என் அட்டை வந்ததும், டாக்டர் பெயரும் என் பெயரும் கெடுவுக்கு எட்டு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தன. ஹால் எங்களோடு இருக்கிறது.

அந்த வாரமே செயலாளரிடமிருந்து போன் வந்தது. சுற்றி வளைத்துப் பேசினார். வானிலை கேட்டார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, அந்த டம்மி... உங்களுக்கு அண்ணன்தானே லோட் பண்ணிக் குடுத்தாரு?"

"ஆமா."

"என் வொய்ஃப் வர மாட்டேங்கிறா."

"சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்க, நான் பண்றேன். ஆனா ஒரே துப்பாக்கிதான். மாத்தினீங்கன்னா நான் கிளம்பிப் போயிருவேன்."

வந்துகொண்டிருக்கிறார். இன்னும் கொத்துகிறார். அவர் ஆமென் சொல்வதில்லை, உதட்டுக்குள் ஒன், டூ, த்ரீ எண்ணுகிறார். இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டேன். சரியாகிவிடும்.

அட்டை தபாலில் வந்த பிறகு எனக்கென்று ஒரு துப்பாக்கி வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. சேலையில் அதை வைத்துக்கொள்ள இடம் இல்லை. அதனால் பேன்ட்டும் தொளதொளவென்று ஒரு மேல்சட்டையும் போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போகிறேன். சேலை கட்டாமல் வருவதைப் பற்றி இரண்டு ஆண்ட்டிகளுக்கு வருத்தம். துப்பாக்கியைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, சேலையைப் பற்றித்தான்.

பின் கதவில் நான், பக்கவாட்டுக் கதவில் டாக்டர். ஒரு விதிமுறைதான் கஷ்டமாக இருந்தது. ஜெபத்தின்போது கண்ணை மூடக் கூடாது. ஐம்பத்தொரு வருஷமாக ஜெபம் என்றால் கண் மூடும். முதல் ஞாயிறு போதகர் "ஜெபிப்போம்" என்றதும் என் இமை தானாக இறங்கியது. வெடுக்கென்று திறந்தேன்.

கண்ணைத் திறந்து வைத்து ஜெபத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். கம்பளத்தில் பிள்ளைகள் ஒருவர் காலை ஒருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். என்னோடு பேசாதவர் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது வரிசையில் என் வீட்டுக்காரர் குனிந்து உட்கார்ந்திருந்தார், உதடு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் சொல்லிக்கொண்டு கதவைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், மறுபடி கம்பளத்தைப் பார்த்தேன். போதகரின் ஜெபம் நீளமானது. முடிகிற மாதிரி வந்து மறுபடி ஓடும்.

செயலாளர் ஒரு கண்ணைத் திறந்து என் பக்கம் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று மூடிக்கொண்டார்.

கடைசியில் எல்லோரும் ஆமென் என்றார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. என் கை இருந்த இடத்தில் இருந்தது.